கோழி கத்தட்டும்

என் சமையலறை யன்னல் விளிம்பில் ஒரு மஞ்சள் கோழி இருக்கிறது. பிளாஸ்டிக் கோழி. முட்டை அவிக்கும்போது நேரம் பார்ப்பதற்கென்று செய்தது. இடுப்பைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டால், டிக் டிக்கென்று தன்பாட்டில் திரும்பி வந்து, பழைய இடத்தைத் தொட்டதும் கிணிகிணியென்று கத்தும். கத்தும் என்று சொன்னது பழைய கதை. இப்போது அதற்குக் குரல் போய்விட்டது, டிக் டிக் மட்டும் மிச்சம். என் மனைவி அதைக் குப்பையில் போடுவதும் நான் போய்க் கிளறி எடுத்து வருவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே உயிர் அதுதான். அதற்கும் உயிர் கிடையாது.

அந்தக் கோழி இதுவரை ஒரு முட்டையைக்கூடக் கண்டதில்லை. அதற்குக் கிடைத்த உத்தியோகம் வேறு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நானும் அக்காவும் அத்தானும் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். அந்த வருடம் ஐப்பசி முடிவில் இலங்கை இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில், ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு ஸ்காபரோவில் ரெலிபோன் என்பது ஒரு வீட்டுச் சாமானாக இருக்கவில்லை. கடுமையாய் வருத்தம் பிடித்துப் படுத்த ஆள்போல ஆகிவிட்டது. பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்த சனம் நின்ற இடங்களில் ரெலிபோன் இல்லை. யாராவது வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து சேர்ந்தால்தான் அழைப்பு வரும். எப்போது வரும் என்று தெரியாது. வருகிற நேரம் லைன் சும்மா இருக்க வேண்டும். கதைத்துக்கொண்டிருக்கும்போது இன்னோர் அழைப்பு வந்தால் டிக்கென்று அறிவிக்கும் வசதி அப்போதும் இருந்தது. எங்கள் வீட்டில் அதை எடுத்திருக்கவில்லை. ஆகவே அக்கா போய் இந்தக் கோழியை வாங்கி வந்தாள்.

அக்காவின் சட்டம் எளிது. யார் கதைப்பதானாலும் முதலில் கோழியைத் திருக வேண்டும். கோழி கத்தினால், வாயில் பாதிச் சொல் நின்றாலும், றிசீவரை வைத்துவிட வேண்டும். "பிரதம மந்திரி எடுத்தாலும் கோழி கத்தினா வை" என்றாள். பிரதம மந்திரிக்கு எங்களோடு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அக்காவின் சிநேகிதி ஒருத்தி மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டு வந்து, "இறக்கேக்கை கடைசியா என்ன போடவேணும் எண்டால்" என்ற இடத்தில் கோழி கத்திவிட்டது. அக்கா வைத்துவிட்டாள். வெட்கத்தில் பிறகு கேட்கவும் இல்லை. அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் இன்றைக்கும் கடைசிச் சாமான் இல்லாமல்தான் கொதிக்கிறது.

நாங்கள் காத்திருந்தது அத்தானின் தாய் தகப்பனுக்காக. எனக்கு மாமியும் மாமாவும். அவர்களைச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டதாக ஒருவர் சொல்லியிருந்தார். பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மாமாவுக்கு மூச்சிழுப்பு கூடிவிட்டது, எப்படியாவது கொழும்புக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்பது கடைசியாகக் கிடைத்த செய்தி. அதோடு சரி. அத்தான் வேலையால் வந்தால் உடுப்பு மாற்றாமல் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சாப்பாடும் அங்கேதான். குளிக்கப் போனால் கதவு திறந்திருக்கும். அதனால் எங்களுக்குக் கிடைத்த காட்சிகளை இங்கே எழுத முடியாது.

இப்படியான ஒரு நேரத்தில்தான் நான் கிறிஸ்மஸ் லீவுக்கு அவுஸ்திரேலியா போய் கிரிக்கெட் பார்க்கத் திட்டம் போட்டிருந்தேன். கோடை தொடங்கும்போதே போட்ட திட்டம், ஊர் இடம்பெயரும் என்று அப்போது யாருக்குத் தெரியும் என்று நான் என் மனச்சாட்சிக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன். அது தலையாட்டிக் கேட்டுவிட்டு, பிறகும் போகாமல் அங்கேயே நின்றது. மெல்பேர்ணில் என்னோடு படித்த சிநேகிதன் இருந்தான். என் கையில் புதுக் கனேடியப் பாஸ்போர்ட் இருந்தது. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் மெல்பேர்ண் மைதானத்தில் ஒவ்வொரு வருடமும் டெஸ்ட் மட்ச் தொடங்கும். அந்த வருடம் ஆட வந்தது இலங்கை அணி. உண்மையில் நானும் அத்தானும் சேர்ந்து போவதென்றுதான் பேச்சு. ஆனால் அத்தானுக்கு நிரந்தரமாக இருக்க விடுகிற பேப்பர் இன்னும் வரவில்லை. வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியாது.

"ஊர்ச்சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது. உனக்கு மட்ச் கேக்குதோ?" என்றாள் அக்கா. "அதுவும் ஆற்றை ரீம்?" 

யாருடைய அணி என்று அவள் கேட்டது சரிதான். எந்த அணி தோற்க வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. மட்ச் பார்க்கும்போது இலங்கை ஆள் பவுண்டரி அடித்தால் கை தன்பாட்டில் தட்டப் போகும். பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்துத் தலையைச் சொறிவேன். அந்தக் காலத்தில் கிரிக்கெட் பார்த்த பல தமிழருக்குத் தலை கடித்தது.

அத்தான்தான் என்னைப் போகச் சொன்னார். "அவன் போகட்டும். ஒருத்தன் எண்டாலும் போய்ப் பாக்கட்டும். ஐயா வந்தாப் பிறகு சொல்லலாம்." 

அத்தான் ஐயா என்று சொல்லுகிற மாமாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மாமா வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை என்று அத்தான் சொல்லுவார். அவருடைய கிரிக்கெட் முழுவதும் காதால் வந்தது. மெல்பேர்ணில் முற்பகல் என்றால் யாழ்ப்பாணத்தில் விடியற்புறம். மார்கழிப் பனியில், வீடு முழுக்கப் படுத்திருக்க, மாமா மட்டும் எழும்பிப் போர்த்துக்கொண்டு இருந்து சின்ன றேடியோவைக் காதோடு அழுத்தி வைத்திருப்பார். அலை தெளிவாக வராது. கொரகொரவென்ற இரைச்சலுக்குள்ளே எங்கேயோ ஒரு வெள்ளைக்காரக் குரல் ஏறி இறங்கும். மற்றவர்களுக்கு இரைச்சல் மட்டும் கேட்கும், மாமாவுக்கு மட்டும் ஸ்கோர் கேட்கும். மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஏதாவது கேட்டால், கையை உயர்த்தி, "குழப்பாதை" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அத்தான் சின்ன வயதில் அவருடைய போர்வைக்குள் புகுந்து றேடியோவின் மற்றப் பக்கத்தில் காதை வைத்துக்கொள்வாராம். "மெல்பேர்ணிலை சனம் கைதட்டினா மழை பெய்யிற மாதிரிக் கேக்குமடா" என்று மாமா சொல்லுவாராம். அத்தான் எனக்கு விதித்த கட்டளை ஒன்றே ஒன்று. மைதானத்திலிருந்து ரெலிபோன் எடுக்க வேண்டும். எடுத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும்.

நான் போனேன். சிட்னியில் இறங்கி, கடற்கரையோரமாக பஸ்ஸில் ஊர் ஊராக நின்று மெல்பேர்ணுக்குப் போனேன். வழியில் ஒரு கடற்கரையில் கிறிஸ்மஸ் தாத்தா சிவப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அரைக்காற்சட்டையோடு, ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு நின்று படம் எடுத்தேன். மாம்பழம் தின்றேன். கடலில் குளித்தேன். ரொறன்ரோவில் இருந்தவர்கள் பனி வழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது. சந்தோசமாக இருந்தேன் என்று எழுதும்போதே பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் இருந்தேன். சிநேகிதனின் வீட்டு ஹோலில் இடம்பெயர்ந்த சனத்துக்கு அனுப்பச் சேர்த்த உடுப்புப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நான் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தேன். ஒரு பெட்டி வாய் பிளந்து, அதிலிருந்து ஒரு சின்னப்பிள்ளைச் சுவெற்றரின் கை வெளியே தொங்கியது. முதல் நாள் அதை உள்ளே தள்ளிவிட்டேன். காலையில் பார்த்தால் மறுபடி தொங்குகிறது. இரண்டாம் நாள் நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மட்ச் நாள் வந்தது. மைதானம் நான் நினைத்ததைவிடப் பெரியது. சனம் கோப்பைபோலச் சுற்றி எழும்பி நின்றது. புல்லில் கடற்பறவைகள் கூட்டமாக வந்து இருந்துகொண்டு, பந்து போனால் எழும்பி, பிறகு அதே இடத்தில் இறங்கின. அவுஸ்திரேலியா முதலில் ஆடியது. நான் அத்தானுக்காக எல்லாவற்றையும் மனத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெலிபோன் எடுப்பதென்று திட்டம். அப்போது ரொறன்ரோவில் கிறிஸ்மஸ் இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருப்பாள். கொழும்பில் காலை, கடைகள் அப்போதுதான் திறக்கும். இந்தக் கடைசிக் கணக்கை நான் அன்றைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பிறகுதான் போட்டேன். அதற்குப் பிறகு பல தரம் போட்டிருக்கிறேன்.

அங்கே ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பொது ரெலிபோன்கள் இருந்தது சனம் இருக்கிற கலரிக்குப் பின்பக்கம். அங்கே நின்றால் மைதானம் தெரியாது. எனக்கு முன்னால் தெரிந்தது ஒரு சுவரும் ஒரு குப்பைத் தொட்டியும்தான். ஆகவே சிநேகிதனைப் படி வாசலில் நிறுத்தினேன். அவன் மைதானத்தைப் பார்ப்பான். ஏதாவது நடந்தால் என் பக்கம் திரும்பி, அம்பயர்போலக் கையால் காட்டுவான். அதை நான் அத்தானுக்குச் சொல்வேன். இடையில் இருக்கிற இடைவெளியை நிரப்புவது என் பொறுப்பு. அந்த வேலைக்காகத்தான் கடவுள் என்னைப் படைத்தார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"அத்தான், மெல்பேர்ண்."

"பொறு மச்சான், கோழியைத் திருகிறன்."

டிக் டிக் என்று பூமியின் மறுபக்கத்திலிருந்து கோழி நடக்கிற சத்தம் என் காதில் கேட்டது. நான் தொண்டையைச் செருமினேன். இலங்கை வானொலியின் பழைய வர்ணனையாளர்களின் குரலை வரவழைத்துக்கொண்டு, "மெல்பேர்ண் மைதானத்திலிருந்து நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினேன். சிநேகிதன் கையை இடமும் வலமும் வீசினான். நான் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஒரு காலை முன்வைத்து, மட்டையைப் பட்டுத் துணிபோல விரித்து, பந்தைப் புல்லோடு புல்லாக அனுப்பிவைக்கிறார், கடற்பறவைகள் எழுந்து வழிவிடுகின்றன, நான்கு ஓட்டங்கள்" என்றேன். உண்மையில் அந்தப் பந்து மட்டை விளிம்பில் பட்டுப் பின்னால் ஓடியதாகச் சிநேகிதன் பிறகு சொன்னான். அத்தான் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு பவுண்டரிகள் அடித்தேன். அவற்றை இன்றுவரை எந்த ஸ்கோர் அட்டையிலும் காண முடியாது.

கோழி கத்தியது. கிணிகிணியென்று மெல்பேர்ண்வரை கேட்டது. 

"அத்தான், கோழி."

"விடு, கோழி கத்தட்டும். நீ சொல்லு" என்றார். மறுபடி திருகுகிற சத்தம் கேட்டது. 

அந்த நேரம் பார்த்துத்தான் சிநேகிதன் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினான். நோ-போல். சரி, ஒரு நோ-போல். கொஞ்சத்தில் மறுபடி நீட்டினான். பிறகு மறுபடி. எனக்கு வந்த சந்தேகம், என்னைப் போலவே அவனும் கற்பனையில் இறங்கிவிட்டானோ என்று. ஆனால் அவனுடைய முகம் வேறு மாதிரி இருந்தது. பந்து போட்டது சுழற்பந்துக்காரர். நாலடி நடந்து வந்து போடுகிறவர் கோட்டைத் தாண்டக் காரணமில்லை. "காலோ? கால் வெளியிலை போகுதோ?" என்று அத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது. மைதானத்தில் இருந்த ஆயிரமாயிரம் பேருக்கும் அப்போது தெரியாது. பந்து வீசும்போது அவருடைய முழங்கை மடங்குவதாக அம்பயர் எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. அன்றைக்கு அத்தான் என்னை வைக்க விடவில்லை. "என்னெண்டு பாத்துச் சொல்லு. ஓடிப்போய்ப் பாத்துக்கொண்டு வா. நான் நிக்கிறன்." நான் றிசீவரைத் தொங்கவிட்டு ஓடினேன், பார்த்தேன், ஓடி வந்தேன், மூச்சு வாங்கச் சொன்னேன். கோழி மறுபடி கத்தியது. அவர் மறுபடி திருகினார். 

"கைதட்டல் கேக்கேல்லை மச்சான். வெளியிலை நீட்டிப் பிடி."

அந்த ரெலிபோனுக்கு இரும்புக் கம்பி சுற்றிய கட்டை வயர். நான் அதை இழுத்துக்கொண்டு, ஒரு கையில் றிசீவரும் மற்றக் கை சமநிலைக்குமாக, சாய்ந்து படி வாசல் பக்கம் நீட்டினேன். பக்கத்தால் போன ஒரு கிழவர் நான் றிசீவரைத் திருடப் பார்க்கிறேன் என்று நினைத்து நின்று பார்த்தார். உள்ளே சனம் இரைந்தது. கூச்சலும் கைதட்டலும் சீழ்க்கையும் சேர்ந்து ஒரே இரைச்சலாக வந்தது. என் கை நோகும்வரை பிடித்திருந்துவிட்டுக் காதுக்கு எடுத்தேன். அத்தானின் மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா சொன்ன மாதிரித்தான்ரா" என்றார் பிறகு. "மழைதான். ஐயா வந்தா இதைச் சொல்லவேணும்."

அடுத்த நாளும் நான் அதே நேரத்துக்கு, அதே சுவருக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப்பக்கம் றிசீவர் எடுபட்டதும், யார் எடுத்தது என்று கேட்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெல்பேர்ண் மைதானத்திலிருந்து மீண்டும் நேயர்கள் அனைவருக்கும்" என்று தொடங்கிவிட்டேன். வணக்கத்துக்கு முன்னால் அக்காவின் குரல் வந்தது.

"மாமா மோசம் போயிட்டாராம். வை."

எனக்குப் பின்னால் சனம் கைதட்டியது. யாரோ அவுட்.

மாமா செத்த விபரம் பிறகு சிநேகிதன் வீட்டிலிருந்து எடுத்தபோது கிடைத்தது. மாமாவும் மாமியும் வவுனியாவிலிருந்து இரவு ரயிலில் ஏறி, விடியக் கொழும்பில் வந்து இறங்கியிருந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போய், சாமானைக்கூட மேலே கொண்டுபோகாமல், முதல் வேலையாக லொட்ஜ் ரெலிபோனிலிருந்து மகனுக்கு எடுத்திருக்கிறார்கள். லைன் பிஸி. அன்று பின்னேரம் மாமாவுக்கு இழுப்புக் கூடி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மாமி இரண்டாவது தரம் எடுத்தது அதைச் சொல்ல. "காலமை எடுத்தனான் ராசா, லைன் பிஸி" என்று மாமி அழுகைக்கு நடுவில் சொன்னதை, பக்கத்தில் நின்ற அக்காவும் கேட்டிருக்கிறாள். 

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டு முழுவதும் அத்தானுக்குப் போயிற்று, வீட்டில் இருந்தவர் அவர் என்றபடியால். "கோழி கத்தினதுதானே, கத்தினதுதானே" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். அத்தான் ஓம் என்றாராம். 

நான் திரும்பி வந்தபோது அத்தான்தான் விமான நிலையத்துக்கு என் குளிர் ஜக்கெற்றோடு வந்தார். அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. கொள்ளி வைக்கப் போக முடியாத மகன்களின் தாடி அந்த நாட்களில் ஸ்காபரோவில் நிறையக் காணலாம். நான் வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, விடுமுறையின் விளம்பரப் பலகைபோல அவர் முன்னால் நின்றேன். வாசலால் வரும்போது ஒரு பெரிய கண்ணாடியில் என்னைப் பார்த்திருந்தேன். அந்த மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வர முடிந்தால் வந்திருப்பேன். விமானத்தில் வரும் வழியெல்லாம் அவரிடம் சொல்ல வசனங்கள் கட்டிக்கொண்டு வந்தவன், ஜக்கெற்றுக்குள் கையை விடத் தெரியாமல் முழித்தேன். அவர் பின்னால் நின்று கையைப் பிடித்து உள்ளே விட்டார். "நல்லாக் கறுத்துப்போனாய்" என்றார். வீடு வரும்வரை ஸ்கோர் கேட்கவில்லை.

அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை, அவர் அதைத் தண்டனையாகத் தரவில்லை என்பதையும் சேர்த்து. சில மாதங்களில் அதே இலங்கை அணி உலகக் கோப்பையை வென்றது. ஸ்காபரோவின் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும், கைதட்டலாமா கூடாதா என்று சண்டை பிடித்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இல்லை என்பதுபோல இருந்தோம். நான் கிரிக்கெட் பார்ப்பதைச் சிகரெட் பிடிப்பதுபோல ஒளித்துச் செய்தேன். ரீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். அத்தானின் காலடி கேட்டால் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றுவேன். நான் சமையலில் ஆர்வம் காட்டுவதைக் கண்டு அக்கா எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கினாள். கோழி ரெலிபோன் மேசையிலேயே இருந்தது. யாரும் திருகவில்லை, யாரும் அதை எடுத்துப் போடவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து மாமி கனடாவுக்கு வந்து சேர்ந்தார். அந்த வருடக் கிறிஸ்மஸ் அன்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஹோலில் இருந்தோம். ரீவிச் செய்தியில் எதிர்பாராமல் மெல்பேர்ண் மைதானத்தைக் காட்டினார்கள். அதே கோப்பை, அதே கடற்பறவைகள். நான் பாய்ந்து றிமோட்டைத் தேடினேன். அதற்குமுன் அத்தான் எழும்பி, கோப்பை கழுவக் குசினிக்குள் போய்விட்டார். மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் இவன் இப்ப மட்ச் பாக்கிறேல்லை? தேப்பனோடை போர்வைக்குள்ளை கிடந்து கேட்டவனெல்லே?"

வழக்கமாக இப்படியான இடங்களில் ஒரு பகிடி விட்டுத் தப்புவது என் பழக்கம். அன்றைக்கு றிமோட்டைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அக்காதான் சொன்னாள், தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, மாமி கொழும்பிலிருந்து எடுத்தபோது லைனில் இருந்தது யார், என்ன கதை நடந்தது என்று. மாமி ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நிலத்தின் ஒவ்வோர் ஓடும் பாடமாயிற்று.

"ஓ, மட்சோ?" என்றார் மாமி. "அப்ப அதுதான்."

பிறகு மாமி சொன்னார். லொட்ஜ் மேசையில் மாமி எடுத்துப் பார்த்திருக்கிறார், டூ டூ என்று கேட்டிருக்கிறது. பிஸி என்று மாமாவிடம் சொல்லி, வைக்கப் போயிருக்கிறார். "கொண்டா" என்று மாமா கையை நீட்டினாராம். கதிரையில் இருந்தபடி றிசீவரை வாங்கி, பழைய றேடியோவைப்போலக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாராம். மாமி பக்கத்தில் நின்று, வையுங்கோ, பிறகு எடுத்துப் பாப்பம் என்றாராம். மாமா கையை உயர்த்தினாராம்.

"'பெடியன் ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிக்கிறான். குழப்பாதை' எண்டார். இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை உயிரோடை சுகமா இருக்குதோ எண்டு அவருக்கு ஒரே யோசினை. எங்களுக்கென்ன எண்டாலும் பறவாயில்லை எண்டுதான் சொல்லுவார். கனநேரம் வைச்சுக்கொண்டிருந்தார். லொட்ஜ்க்காரன் பேசத் தொடங்கினாப் பிறகுதான் தந்தவர். 'நல்லாக் கதைக்கிறான், பின்னேரம் எடுப்பம்' எண்டார்."

அத்தான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் அப்போதுதான் கண்டோம். அவருடைய கையில் ஒரு ஈரக் கோப்பை இருந்தது. அதைத் துடைத்தார். பிறகும் துடைத்தார். வந்து பழைய இடத்தில் இருந்தார். ரீவியில் செய்தி எப்போதோ முடிந்து, யாரோ சவர்க்காரம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கோர் என்னவாம்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

வேறு நாளாக இருந்தால் என் வாயில் ஒரு ஸ்கோர் தயாராக இருந்திருக்கும். "தெரியாது அத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மாமியின் கதையைக் கேட்டபிறகு பாரம் இறங்கிவிட்டதா என்று அக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள். இறங்கவில்லை. இடம் மாறி இருந்துகொண்டது. நான் கதை கட்டுகிறவன், மற்றவர் கட்டிய கதையை மணம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு மாமியின் கதையையும் மணந்து பார்த்தேன், அந்த அளவுக்குக் கீழானவன் நான். ஆனால் "குழப்பாதை" என்ற சொல் அப்படியே மாமாவுடையது. ஆகவே உண்மைதான். உண்மை என்றால், மாமா கடைசியாகக் கேட்ட கிரிக்கெட் வர்ணனை என்னுடையது. சுவரையும் குப்பைத் தொட்டியையும் பார்த்து நான் கட்டிய பவுண்டரிகளும், பட்டுத் துணியும், நீட்டிப் பிடித்த கைதட்டலும், ஐயா வந்தால் சொல்லவேண்டும் என்று அத்தான் சொன்னதும், எல்லாம் ஒரு லொட்ஜ் மேசையில் டூ டூ என்று அவருடைய காதுக்குள் போயிருக்கின்றன. மகனுடைய குரலைக் கேட்க வந்தவருக்கு நான் அதைத்தான் கொடுத்தேன். அவர் அதையும் குழப்பாமல் கேட்டார்.

அத்தான் இப்போது ஒஷாவாவில் மகளோடு இருக்கிறார். அவருடைய கையிலும் என் கையிலும் மட்ச் ஓடுகிற போன்கள் உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு கிறிஸ்மஸ் இரவும் நான் அவருக்கு எடுப்பேன். எடுக்க முன் யன்னல் விளிம்பிலிருந்து கோழியை இறக்கி, ஒரு திருகு திருகி, மேசையில் வைப்பேன். "மெல்பேர்ண் மைதானத்திலிருந்து" என்று தொடங்குவேன். அவருக்கும் அதே படம் தெரிகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆகவே பொய்ப் பவுண்டரிக்கு இடமில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு அடித்துவிடுவேன், அவரும் "அது எப்ப அடிச்சவன்?" என்பார். டிக் டிக் நின்றதும் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவேன், பந்து ஆகாயத்தில் நின்றாலும் சரி.

"கோழி நிண்டிட்டுதோ?" என்பார்.

"ஓம் அத்தான்."

"அப்ப வை."

வைத்துவிடுவார். நான் போனைக் காதிலிருந்து உடனே எடுக்க மாட்டேன். காதோடு அழுத்தி இன்னும் கொஞ்சநேரம் வைத்திருப்பேன். இந்தக் காலத்துப் போன்களில் ஒரு சத்தமும் வருவதில்லை.